மனிதர் தெய்வத்தோடு மோதும் ஆட்டத்தை நடத்தும் முறை

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில் நீண்டகாலம் ஒன்றாக அமர்ந்து ஆடிய குழுவுக்கு ஒரு கட்டத்தில் பூதங்களும் டிராகன்களும் சலித்துப்போகின்றன. அடுத்ததாக ஒரு தெய்வத்தையே எதிர்த்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எழுகிறது. அந்த ஆசை நியாயமானது. தன்னைவிட அளவிட முடியாதபடி பெரிய ஒன்றின் முன் மனிதன் ஆயுதத்தோடு நிற்கும் காட்சிகள்தாம் ஓமரின் கிரேக்கக் காவியமான இலியத்திலும் மகாபாரதத்திலும் நம்மை இருக்கையின் நுனிக்குக் கொண்டுவருபவை. ஆனால் ஆட்ட மேசையில் அதே காட்சி பெரும்பாலும் சப்பென்று முடிந்துவிடுகிறது. அது ஏன் நேர்கிறது என்பதையும், பழைய கதைகள் அதை எப்படிக் கையாண்டன என்பதையும், அவற்றிலிருந்து ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் தம் மேசைக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய முறைகளையும் இங்கே விளக்குகிறேன். 20 முகப் பகடையை வைத்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை மனத்தில் கொண்டு எழுதுகிறேன்; பிற விளையாட்டுகளை ஆடுவோர் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

எண்ணைக் கொடுத்துவிட்டால்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில், 1976-இல், பல நாட்டுப் புராணத் தெய்வங்களுக்கு ஹிட் பாயின்ட் (ஒரு பாத்திரம் விழுமுன் தாங்கக்கூடிய சேதத்தின் அளவு) முதலிய எண்களை வரையறுத்த துணைநூல் ஒன்று அந்த விளையாட்டுக்கு வந்தது. நோர்ஸ் தெய்வங்களின் தலைவரான ஓடினுக்கு அதில் 300 ஹிட் பாயின்ட் கொடுக்கப்பட்டிருந்தது. 40 லெவலைத் தாண்டி ஏறிவிட்ட பாத்திரங்கள் எவ்வளவு அபத்தமானவை என்று காட்டுவதும் தம் நோக்கம் என முன்னுரை வெளிப்படையாகவே சொன்னது: ஓடினுக்கே 300தான் என்றால், 44-ஆம் லெவல் பிரபு (உயர்நிலைப் போர்வீரருக்கு அந்த விளையாட்டில் உள்ள பட்டம்) ஒருவரை யார் பொருட்படுத்த முடியும் என்பது அதன் வாதம். பல மேசைகளில் நடந்தது நேர்மாறானது. எண் கையில் கிடைத்ததும் அது எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்காகிவிட்டது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து பேர் கொண்ட உயர்நிலைக் குழுவில் ஒவ்வொருவரும் ஒரு சுற்றில் 40 புள்ளி சேதம் விளைவிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 200. ஓடின் இரண்டாம் சுற்றிலேயே விழுந்துவிடுவார். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்புச் சாகச நூல் ஒன்றில் ஐந்து தலை டிராகன் தேவியான தியாமத்துக்கு 615 ஹிட் பாயின்ட் உண்டு; அவளும் நான்காம் சுற்றைத் தாண்டமாட்டாள். உலகைப் படைத்தவரும் கடலைக் கலக்குபவரும் ஒரு பெரிய கரடியைப் போல அடிவாங்கிச் சாய்ந்தால், வென்ற குழுவுக்கும் பெருமை கிடைப்பதில்லை. ஆனால் அதே தியாமத்தின் குறிப்பில் 615-ஐவிட மிகவும் மதிப்புள்ள ஒரு விதி இருக்கிறது: ஹிட் பாயின்ட் பூச்சியத்தைத் தொட்டால் அவளுடைய உடல்தான் அழியும், அவளுடைய சாரம் நரகத்திலுள்ள தன் இருப்பிடத்துக்குத் திரும்பிவிடும், சில காலம் அவளால் உருவெடுக்க இயலாது. தெய்வம் இழப்பது உயிரை அல்ல, களத்தில் நிற்கும் உரிமையை. ஓமரும் வியாசரும் இதைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

டயோமிடீஸ் என்ற பாடநூல்

இந்த விஷயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இலியத்தின் ஐந்தாம் காண்டத்தைப் படியுங்கள். புராண வீரர்களில் பலர் ஏதேனும் ஒரு தெய்வத்தின் பிள்ளைகள்; டிராய் போரில் கிரேக்கர் பக்கம் போரிடும் டயோமிடீஸ் அப்படிப்பட்டவன் அல்லன். டைடியஸ் என்ற மனிதனின் மகன். ஒரே நாளில் இரண்டு தெய்வங்களின் உடலில் அவனுடைய ஈட்டி பாய்கிறது. அது எப்படிச் சாத்தியமானது என்பதைக் கவனமாகப் பார்த்தால் கேம் மாஸ்டருக்கு வேண்டிய பெரும்பாலான விதிகள் அங்கேயே கிடைத்துவிடும்.

டிராய் பக்கத்து வில்லாளி பாண்டரஸ் எய்த அம்பு தோளில் தைத்ததும் டயோமிடீஸ் தனக்குத் துணைநிற்கும் தேவியான அதீனாவை வேண்டுகிறான். அவள் அவனுக்கு வலிமை தருவதோடு, கண்ணை மூடியிருந்த மூடுபனியையும் விலக்குகிறாள். அதற்குப் பிறகு களத்தில் யார் மனிதர், யார் தெய்வம் என்று அவனால் பிரித்தறிய முடிகிறது. கூடவே ஒரு கட்டளையும் இடுகிறாள்: எந்தத் தெய்வத்தோடும் நேருக்கு நேர் மோதாதே, காதல் தேவியான அஃப்ரொடைட்டி வந்தால் மட்டும் அவளைக் குத்து. ஆக, மோதலுக்கு முன்பே அவனிடம் மூன்று பொருள்கள் சேர்ந்துவிட்டன. எதிராளியைக் காணும் பார்வை, தாக்குவதற்கான அனுமதி, அந்த அனுமதிக்கு ஓர் எல்லை.

பிறகு காயமுற்ற தன் மகன் ஈனியாஸை ஆடையால் மூடித் தூக்கிச்செல்லும் அஃப்ரொடைட்டியை அவன் துரத்துகிறான். ஈட்டி அவளுடைய ஆடையைக் கிழித்து, உள்ளங்கை தொடங்கும் இடத்தில் மணிக்கட்டை ஒட்டி, தோலில் பாய்கிறது. வழிவது குருதியன்று, இக்கோர் என்னும் தெய்வ நீர்மம். தெய்வங்கள் ரொட்டி உண்பதில்லை, திராட்சை மது குடிப்பதில்லை, ஆகையால் அவர்களுக்கு மனிதக் குருதி இல்லை என்று ஓமர் அங்கே நின்று விளக்குகிறார். அவள் அலறி மகனைக் கைவிடுகிறாள். போர்த் தெய்வமான ஏரீஸிடம் குதிரைகளை இரவல் வாங்கிக்கொண்டு ஒலிம்பஸுக்குப் போய்த் தாய் டியோனியின் மடியில் விழுகிறாள். காயம் உடனே ஆறிவிடுகிறது. அவள் சாகவில்லை, சாகவும் முடியாது. ஆயினும் அவள் களத்தைவிட்டு ஓடியதைத் தோல்வி என்று ஒப்புக்கொள்ளாதவர் யாரும் இருக்க முடியாது.

ஏரீஸோடு நடக்கும் இரண்டாம் மோதல் இன்னும் நுட்பமானது. ஏரீஸைக் கண்டதும் டயோமிடீஸ் பின்வாங்குகிறான். ஏன் பின்வாங்கினாய் என்று அதீனா கடிந்துகொள்ளும்போது, நீ இட்ட கட்டளையைத்தானே காத்தேன் என்று பதில் சொல்கிறான். அப்போதுதான் அவள் அனுமதியை விரிவாக்குகிறாள். தேரோட்டியை இறக்கிவிட்டுத் தானே கடிவாளத்தைப் பிடிக்கிறாள், அவளுடைய பாரத்தில் அச்சு முனகுகிறது. ஏரீஸின் கண்ணில் படாதிருக்க ஹேடீஸின் தலைக்கவசத்தை அணிந்துகொள்கிறாள். ஏரீஸ் முதலில் வீசிய ஈட்டியை அவள் தட்டிவிடுகிறாள். டயோமிடீஸ் செலுத்தும் ஈட்டியை அடிவயிற்றுக்குள் அழுத்துவதும் அவளே. ஒன்பதாயிரம், பத்தாயிரம் பேர் சேர்ந்து கத்தியதுபோல் ஏரீஸ் கத்துகிறான், இரு படைகளும் நடுங்குகின்றன.

இதை ஆட்ட விதியாக மாற்றுவது எளிது. உங்கள் ஆட்டத்தில் எந்தத் தெய்வமும் இயல்பாக ஆயுதத்துக்கு எட்டாதது என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். வாளால் வெட்டினால் காற்றை வெட்டியதுபோல் இருக்கும், பகடையில் 20 விழுந்தாலும் அதேதான். அந்த நிலையை மாற்றுவதற்கான வழியை ஆட்டக்காரர்கள் முந்தைய அமர்வுகளில் தேடிச் சம்பாதிக்க வேண்டும். பார்வை ஓரிடத்தில் கிடைக்கட்டும், அனுமதி வேறொரு தெய்வத்திடமிருந்து வரட்டும், அனுமதியின் எல்லை வெளிப்படையாகச் சொல்லப்படட்டும். அந்த எல்லையைச் சொல்லும் வாக்கியத்தை ஒரு சீட்டில் எழுதி மேசையின் நடுவில் வையுங்கள். “போர்த் தெய்வத்தின் தூதர்களைத் தொடாதீர்கள், அவனுடைய தேரை மட்டும் உடைக்கலாம்” என்று ஒரு வரி இருந்தாலே போதும், ஆட்டக்காரர்கள் அதைச் சுற்றித் திட்டம் போடத் தொடங்கிவிடுவார்கள். யாரேனும் ஒருவர் அதை மீறத் துடிப்பார், மற்றவர் தடுப்பார், அந்த வாக்குவாதத்திலேயே நாடகம் பிறந்துவிடும்.

துணைநிற்கும் தெய்வத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதீனா ஈட்டியை அழுத்தினாள் என்பது கதையில் அழகாக இருக்கிறது. மேசையில், கேம் மாஸ்டரின் பாத்திரம் வந்து சண்டையை வென்று கொடுத்தது என்று ஆட்டக்காரர்கள் உணர்ந்துவிட்டால் எல்லாம் வீணாகிவிடும். ஆகவே துணைத் தெய்வத்தின் உதவியை ஆட்டக்காரர்களின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஒரு சண்டைக்கு மூன்று முறை, அவர்கள் கேட்கும்போது மட்டும், பகடையைத் திரும்ப உருட்டலாம் அல்லது ஓர் அடியைத் தட்டிவிடலாம் என்று வைத்தால், எப்போது அதீனாவை அழைப்பது என்ற முடிவு அவர்களுடையதாகிறது.

மூன்று முறை, பிறகு ஒரு சொல்

அஃப்ரொடைட்டி கைவிட்ட ஈனியாஸை இன்னொரு தெய்வமான அப்போலோ காக்கிறான். காப்பது அப்போலோ என்று தெரிந்தும் டயோமிடீஸ் மூன்று முறை பாய்கிறான். மூன்று முறையும் அவனுடைய கேடயம் தட்டி விலக்கப்படுகிறது. நான்காம் முறை பாயும்போது அப்போலோ வாய் திறக்கிறான்: எண்ணிப்பார், விலகு, தெய்வங்களுக்கு நிகராக உன்னை நினைக்காதே, நம் இரு குலமும் ஒன்றல்ல. டயோமிடீஸ் சற்றே பின்வாங்குகிறான், பிழைத்துக்கொள்கிறான்.

பதினாறாம் காண்டத்தில் கிரேக்க வீரன் பட்ரோக்ளஸுக்கும் இதே அமைப்பு வருகிறது. டிராய் மதில்மேல் மூன்று முறை ஏறுகிறான், நான்காம் முறை அப்போலோ எச்சரிக்கிறான், அவனும் விலகுகிறான். ஆனால் அதே நாளில் மீண்டும் மூன்று முறை எதிரிகள்மேல் பாய்ந்துவிட்டு நான்காம் முறையும் பாய்கிறான். இம்முறை எச்சரிக்கை இல்லை. மூடுபனிக்குள் மறைந்து பின்னால் வந்த அப்போலோ விரித்த கையால் முதுகில் ஓர் அடி அடிக்கிறான். தலைக்கவசம் உருண்டு விழுகிறது, ஈட்டி நொறுங்குகிறது, மார்புக்கவசம் கழன்றுவிடுகிறது. நிராயுதபாணியாக நிற்கும் அவனை முதலில் யூஃபோர்பஸ் குத்துகிறான், பிறகு ஹெக்டர் கொல்கிறான்.

எனக்குத் தெரிந்தவரை, தெய்வத்தின் ஆற்றலை மேசையில் காட்ட இதைவிடச் சிறந்த முறை இல்லை. எடுத்த எடுப்பில் கொன்றுவிடும் தெய்வம் ஆட்டக்காரர்களுக்கு அநியாயமாகத் தெரியும். எப்போதும் விட்டுக்கொடுக்கும் தெய்வம் அச்சம் தராது. ஆகவே அனுமதி இல்லாமல் மோதும் பாத்திரத்தை முதல் மூன்று முறை காயமின்றித் தள்ளிவிடுங்கள், ஒவ்வொரு முறையும் தள்ளலின் வலிமை கூடுவதை விவரியுங்கள். நான்காம் முறை தெய்வம் பேசட்டும். அந்தப் பேச்சைக் கேட்டு விலகுபவர் எதையும் இழப்பதில்லை. விலகிப் பின் மீண்டும் எல்லையைக் கடப்பவருக்குப் பகடையே வேண்டாம்: கவசம் கழன்றது, ஆயுதம் உடைந்தது, இனி அவரைச் சாதாரண எதிரிகள் தாக்கலாம் என்று அறிவித்துவிடுங்கள். கொல்வது தெய்வமன்று என்பதைக் கவனியுங்கள். தெய்வம் காப்பைக் கழற்றுகிறது, மீதியை உலகம் பார்த்துக்கொள்கிறது. இந்த விதியை ஆட்டம் தொடங்கும் நாளிலேயே, இரகசியமாக வைக்காமல், குழுவிடம் சொல்லிவிட வேண்டும்.

தெய்வத்துக்கு என்ன வேண்டும்

சண்டையை எழுதுமுன் தெய்வம் ஏன் அந்தக் களத்தில் நிற்கிறது என்று முடிவு செய்யுங்கள். காண்டவ வனத்தை அக்னி உண்ண விரும்பியபோது இந்திரன் மழையைக் கொட்டினான். காரணம், அவனுடைய நண்பனான நாகன் தட்சகன் அந்த வனத்தில் வாழ்ந்தான். அக்னியின் பொருட்டு வருணனிடமிருந்து காண்டீவத்தையும் குறையாத அம்பறாத்தூணிகளையும் பெற்ற அருச்சுனன், மழை ஒரு துளியும் உள்ளே இறங்காதபடி அம்புகளால் மேலே கூரை வேய்ந்தான். தேவர் படை வந்தும் கண்ணனையும் அருச்சுனனையும் அசைக்க முடியவில்லை. இறுதியில் இந்திரன் விலகியதற்கு அவன்மேல் பட்ட காயம் காரணமன்று. தட்சகன் இப்போது வனத்தில் இல்லை, குருக்ஷேத்திரத்துக்குப் போயிருக்கிறான், இவ்விருவரையும் வெல்லவும் இயலாது என்று ஓர் அசரீரி சொல்கிறது; போரிடக் காரணம் இல்லாமற்போனதும் இந்திரன் வானுலகம் திரும்புகிறான். பிறகு மகிழ்ந்து வரமும் தருகிறான்.

இதிலிருந்து கிடைக்கும் முறை பயனுள்ளது. தெய்வத்துக்கு ஹிட் பாயின்ட் எழுதும் இடத்தில், அது களத்தில் நிற்பதற்கான காரணத்தை எழுதுங்கள். காரணத்தை நீக்கினால் தெய்வம் விலகும். குழு அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை தாக்குப்பிடிப்பதே சண்டை. அம்புக்கூரை வேய்வதும், பின்வாங்குவதும், இடையே ஒருவர் ஓடிப்போய் விசாரித்துவருவதும் அந்தச் சண்டையின் நடவடிக்கைகள்.

ஆற்றோடு ஒரு சண்டை: மாதிரி அமர்வு

இலியத்தின் இருபத்தோராம் காண்டத்தில் அக்கிலீஸ் கொன்று குவித்த உடல்கள் ஸ்கமாண்டர் ஆற்றை அடைத்துக்கொள்கின்றன. கொல்வதென்றால் சமவெளியில் கொல், என் நீர் கடலுக்குப் போக வழியில்லை என்று ஆற்றுத் தெய்வம் முறையிடுகிறது. அக்கிலீஸ் ஆற்றிலேயே குதிக்கிறான். ஆறு பொங்கி அவனை அடித்துக்கொண்டு போகிறது. பற்றிய எல்ம் மரம் வேரோடு சாய்கிறது. கரையேறி ஓடினால் வெள்ளமும் பின்னாலேயே ஓடிவருகிறது. கிரேக்கப் படையின் தலைசிறந்த வீரனிடம் நீருக்கு எதிரான ஆயுதம் ஒன்றும் இல்லை. முடிவில் ஹீராவின் ஏவலால் நெருப்புத் தெய்வமான ஹெபஸ்டஸ் கரையிலுள்ள மரங்களையும் நாணலையும் எரித்து, ஆற்றைக் கொதிக்கவைத்த பிறகே ஸ்கமாண்டர் பணிகிறது.

இதை ஏழாம் லெவல் குழுவுக்கே ஆடக்கூடிய அமர்வாக மாற்றலாம். உங்கள் உலகில் ஓர் ஆற்றுக்குக் கருநீரி என்று பெயர் வைத்துக்கொள்வோம். மேற்கே ஒரு கோட்டையில் நடந்த போரின் பிணங்களை ஆற்றில் எறிந்திருக்கிறார்கள். ஆறு சினந்து எழுகிறது. தாழ்வான கரையில் ஒரு கிராமம் இருக்கிறது. குழுவின் நோக்கம் ஆற்றைக் கொல்வதன்று, மக்களை மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை ஆற்றைத் தடுத்துநிறுத்துவது.

கருநீரிக்கு ஹிட் பாயின்ட் இல்லை. அதற்குச் சினம் என்ற அளவு மட்டும் உண்டு. 3-இல் தொடங்கும், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் 1 ஏறும். 6-ஐத் தொட்டால் கிராமம் மூழ்கும்; பூச்சியத்துக்கு இறங்கினால் ஆறு உருவெடுத்துப் பேசும். ஆயுதத் தாக்குதல்கள் வேலைசெய்வது நீரிலிருந்து எழும் கைகளின்மேல் மட்டுமே. ஒரு கையை வெட்டினால் அந்தச் சுற்றில் ஒரு குடும்பம் தப்பும், ஆனால் சினம் குறையாது. இந்த வேறுபாட்டை முதல் சுற்றிலேயே ஆட்டக்காரர்கள் கண்ணால் காணும்படி செய்யுங்கள்: போர்வீரர் அருமையாகப் பகடை உருட்டிக் கையைத் துண்டாக்குகிறார், நீர் சிதறி விழுகிறது, அதே நீர் அவர் முழங்காலைச் சுற்றி மீண்டும் ஏறுகிறது.

சினத்தைக் குறைப்பவை வேறு. அடைபட்ட பிணங்களை இழுத்துக் கரையேற்றி எரியூட்டினால் 2 குறையட்டும். அதற்கு உடல்வலிமைச் சோதனையில் 15 வேண்டும். கவிழ்ந்து கிடக்கும் கரைக்கல்லை நிமிர்த்தி அதற்குரிய பாடலைப் பாடினால் 1 குறையட்டும். பாடல் யாருக்குத் தெரியும் என்பதைக் கிராமத்துக் கிழவி ஒருத்தியிடம் முன்கூட்டியே வைத்துவிடுங்கள், அவளைக் காப்பாற்றாமல் விட்டவர்களுக்கு அந்த வழி அடைபடும். கரையோர மரங்களை எரித்தாலும் 2 குறையும், ஆனால் அது ஹெபஸ்டஸின் வழி: ஆறு பணியும், அடுத்த பருவத்தில் கிராமத்துக்கு மீனும் இருக்காது நிழலும் இருக்காது. ஆட்டக்காரர்களுக்கு இந்த விலையை அப்போதே சொல்லிவிடுங்கள். தெரிந்து தேர்ந்தெடுக்கும்போதுதான் தேர்வுக்கு எடை உண்டாகும். ஆறு, ஏழு சுற்றுக்குள் இது முடிந்துவிடும். வெட்டியது ஒன்றும் பயனில்லை என்று முதலில் திகைத்த போர்வீரர்தான் கடைசியில் பிணங்களை இழுப்பதில் முன்நிற்பார்.

தோற்பதற்காகவே ஒரு சண்டை

நம் மரபில் மனிதன் தெய்வத்தோடு மோதும் காட்சிகளில் உச்சம் கிராதார்ச்சுனம் (கிராதன் என்றால் வேடன்). பன்றி உருவில் வந்த மூகன் என்ற அசுரன்மேல் அருச்சுனனும் வேடனாக வந்த சிவனும் ஒரே நேரத்தில் அம்பு விடுகிறார்கள். யார் கொன்றது என்பதில் தகராறு. வில்லிபுத்தூரார் இதை அருச்சுனன் தவநிலைச் சருக்கத்தில் பாடினார்; திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் தவசு மரமேறி நடிக்கப்படும் அர்ச்சுனன் தபசை நேரில் கண்டவர்களுக்கு இதன் வீச்சை நான் விளக்கவேண்டியதில்லை.

மகாபாரதத்தில் அந்தச் சண்டை நடக்கும் வரிசையைப் பாருங்கள். குறையாத தூணியில் அம்பு தீர்ந்துபோகிறது. வில்லால் அடிக்கப்போனால் வேடன் அதைப் பறித்துக்கொள்கிறான். தலையில் இறக்கிய வாள் உடைகிறது. மரத்தையும் பாறையையும் பெயர்த்து எறிகிறான், பிறகு முட்டியால் குத்துகிறான், மற்போரில் நெரிபட்டு நினைவிழக்கிறான். விழித்தெழுந்து மண்ணால் சிவ உருவம் பிடித்து மாலையைச் சாத்தினால், அந்த மாலை வேடனின் தலையில் இருக்கிறது. வந்தவர் யார் என்று அப்போதுதான் புரிகிறது. காலில் விழுந்தவனுக்குப் பாசுபதம் கிடைக்கிறது.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பொருள் பறிபோகும் சண்டை இது. உங்கள் மேசையில் பாத்திரத்தின் தாளில் உள்ளவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழக்கச் செய்யுங்கள்: இந்தச் சுற்றில் அம்பு தீர்ந்தது, அடுத்து வாள் போயிற்று, அடுத்து மந்திரம் வாயில் வரவில்லை. ஒவ்வொன்றும் போகும்போது, இப்போது என்ன செய்கிறாய் என்று மட்டும் கேளுங்கள். ஒன்றுமில்லாத நிலையிலும் எழுந்து நிற்கும் ஆட்டக்காரரின் பதிலில்தான் பாத்திரத்தின் உள்ளம் வெளிப்படும். இது சோதனை என்பதை முன்னால் சொல்லக்கூடாது. ஆனால் மனிதர் செய்ய முடியாத ஒன்றை எதிராளி செய்கிறார் என்ற குறிப்பை இரண்டாம் சுற்றிலேயே கொடுத்துவிட வேண்டும், கவனமுள்ள ஆட்டக்காரர் முன்னதாகவே ஊகிக்க வழியிருக்க வேண்டும். பறித்த எல்லாவற்றையும் சண்டை முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள். திருப்பித் தராவிட்டால் அது சோதனையன்று, வழிப்பறி. தனியொரு பாத்திரத்துக்கு மட்டும் இதை நடத்துவது நல்லது. ஐந்து பேரிடமும் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பறித்தால் மேசையில் சோர்வுதான் மிஞ்சும்.

அடியின் விளைவை மாற்றுவதும் ஒரு வழி. திருவிளையாடலில் பிட்டுக்கு மண் சுமந்த பெருமான்மேல் பாண்டியன் பிரம்பால் அடிக்க, அந்த அடி பாண்டியன் உட்பட எல்லா உயிர்மேலும் பட்டது. உங்கள் உலகைத் தாங்கிநிற்கும் தெய்வத்தை அடித்தால் அடித்தவருக்கும் அவர் காக்க நினைத்தவர்களுக்கும் அதே சேதம் என்று வைத்துப் பாருங்கள். முதல் அடி விழுந்ததும் மேசை அமைதியாகிவிடும்.

ஒரே முறை பயன்படும் ஆயுதத்தையும் மறந்துவிடாதீர்கள். கவசகுண்டலங்களை அறுத்துக் கொடுத்த கர்ணனுக்கு இந்திரன் தந்த சக்தி ஒருவனை மட்டுமே கொல்லும். அருச்சுனனுக்கென்று பொத்திவைத்திருந்த அதை, கடோத்கசன் இரவுப்போரில் படையை அழித்தபோது வீச வேண்டியதாயிற்று. தெய்வத்தைத் தாக்கவல்ல ஆயுதத்தை அப்படியே கொடுங்கள். ஒரு முறை மட்டும் பயன்படும்படி கொடுங்கள். தெய்வத்தைச் சந்திக்கும்முன் அதைச் செலவழிக்கத் தூண்டும் உண்மையான ஆபத்து ஒன்றை வழியில் வையுங்கள்.

வழிபடும் தெய்வங்கள்

ஜீயஸுக்கும் ஓடினுக்கும் பெரும்பாலான மேசைகளில் விளக்கேற்றுபவர் இல்லை. சிவனுக்கும் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் உங்கள் மேசையில் அமர்ந்திருப்பவரின் வீட்டிலேயே பூசை நடக்கக்கூடும். ஆகவே ஆட்டம் தொடங்குமுன் யாருக்கு எது உகக்காது என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள், காரணம் கேட்கவேண்டாம். மரபுக் கதையையே எடுக்க விரும்பினால் கிராதன் கதையைப் போல, மோதல் அருளில் முடியும் கதைகள் பாதுகாப்பானவை, செழுமையானவையும்கூட. கொலையில் முடியவேண்டிய கதைக்கு உங்கள் உலகுக்கென நீங்களே கற்பித்த தெய்வங்களைப் பயன்படுத்துங்கள்.

விலையை எழுதிவைத்தல்

தெய்வத்தோடு போரிட்டவன் நெடுநாள் வாழ்வதில்லை, போரிலிருந்து திரும்பி வந்தவனை அப்பா என்று அழைத்துப் பிள்ளைகள் மடியேறுவதில்லை என்று டியோனி தன் மகளுக்கு ஆறுதல் சொல்கிறாள். பிற்கால மரபில், அஃப்ரொடைட்டியின் சினத்தால் டயோமிடீஸின் மனைவி பிறனை நாடுகிறாள். ஊரில் இருக்க முடியாமல் அவன் இத்தாலிக்குப் போகிறான். காண்டவத்தில் தாயை இழந்து தப்பிய நாகன் அசுவசேனன், ஆண்டுகள் பல கழித்துக் குருக்ஷேத்திரத்தில் கர்ணனின் அம்பேறி அருச்சுனனைத் தேடி வருகிறான். கண்ணன் தேரை அழுத்தியதால் தலை தப்பிக் கிரீடம் மட்டும் போகிறது.

இந்தக் கதைகளில் விலை உடனே வருவதில்லை, சண்டை மறந்துபோன காலத்தில் வருகிறது. அதனால் கேம் மாஸ்டர் செய்யவேண்டிய வேலை எளிது: தெய்வம் களத்தைவிட்டு விலகிய அதே அமர்வில், அங்கிருந்து தப்பிய யாரேனும் ஒருவரின் பெயரையும் அவர் இழந்ததையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். குழுவுக்குக் கிடைத்த வரத்தை அவர்கள் தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு குறைந்தது ஐந்து அமர்வுகளுக்கு அந்தப் பெயரை வெளியே எடுக்காதீர்கள். எடுக்கும்போது அதை வேறொரு எதிரியின் அம்பில் ஏற்றி அனுப்புங்கள்; ஆட்டக்காரர்களில் யார் அதை முதலில் அடையாளம் காண்கிறாரோ, அவருக்கே அந்த அம்பிலிருந்து விலகப் பகடை உருட்டும் வாய்ப்பைக் கொடுங்கள்.